இளக்கு தெரியாத கை

என் தாத்தா வர்ம ஆசான். விளவங்கோடு தாலுகாவில், கேரள எல்லைக்கு நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில் எங்கள் வீடு. தென்னையிலிருந்து விழுந்தவர், களரியில் அடிபட்டவர், சுமை தூக்கிக் கழுத்து பிடித்துக்கொண்டவர் என்று விடியும் முன்பே திண்ணையில் ஆள் இருக்கும். பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்திலிருந்தெல்லாம் வருவார்கள். பெண்பிள்ளை என்பதால் எனக்கு அடித்துத் தாக்கும் அடிமுறை கிடையாது, தடவிக் குணமாக்கும் தடவுமுறை மட்டும் சொல்லிக் கொடுத்தார். அப்போது அது பெரிய குறையாக இருந்தது. பிறகு பிசியோதெரபி படித்தேன். இப்போது எல்லையோரத்து ஊர் ஒன்றில், சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கிறேன். இந்தப் பதிவை எழுத வைத்தது அங்கே வந்த ஒரு பையன்.

அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வேலை, வயது, வந்த மாதம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். எந்த போலீஸ் ஸ்டேஷன், எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதையும் சொல்லப் போவதில்லை.

வலது தோளைத் தூக்க முடியவில்லை என்று வந்தான். அம்மாவும் கூட வந்திருந்தார். ஒத்தடம் கொடுத்துவிட்டு டென்ஸ் மிஷினை எடுத்தேன். பார்த்திருப்பீர்கள், சின்னப் பெட்டி, இரண்டு வயர், முனையில் ஒட்டுகிற பேடு. வலியைக் குறைப்பதற்காக மெல்லிய மின்துடிப்பை அனுப்பும். பேடுகளை ஒட்டிவிட்டு சுவிட்சின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அவன் கட்டிலிலிருந்து இறங்கி, வயரோடு, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான்.

"கரண்டு வேண்டாம் அக்கா. வேற என்ன வேணும்னாலும் செய்யுங்க."

"எறும்பு ஊருற மாதிரிதான் இருக்கும் மக்களே. பயப்படாத."

எல்லாரிடமும் சொல்கிற வார்த்தையை அவனிடமும் சொன்னேன். அவன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மாவை வெளியே போகச் சொல்லி அவன்தான் கண்ணைக் காட்டினான். கதவைச் சாத்தியதும், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஏதோ திருட்டு விசாரணை. ஒரு ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். அடிக்கும்போது தோள் போனது. அதற்குப் பிறகு ஒருவர் டார்ச் லைட் மாதிரி ஒன்றை எடுத்து வந்திருக்கிறார். முனையில் இரண்டு இரும்புப் பல்.

"மொதல்ல தொடையில வச்சாங்க. அப்புறம் கீழ."

அதற்கு மேல் அவன் பேசவில்லை. "அம்மாவுக்கு அடிச்சது மட்டும்தான் தெரியும்" என்றான், அவ்வளவுதான்.

அந்தக் 'கீழ' என்ற சொல் பல நாள் என்னை விடவில்லை. நம் மொழியில் அந்த இடத்துக்குப் பேர் இல்லாமல் இல்லை. ஆனால் வாயில் வராது. பத்திரிகையில் 'மர்ம உறுப்பு' என்று போடுவார்கள். மர்மம் என்றால் நமக்கு ரகசியம், மறைவு. எல்லையைத் தாண்டினால் மலையாளத்தில் மர்மம் என்பதுதான் வர்மம், அடிபட்டால் உயிருக்கு ஆபத்தான இடம். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் 'உயிர்நிலை' என்பார்கள். ஒரே இடத்துக்கு மறைவு என்றும் உயிர் என்றும் இரண்டு பொருளில் பேர் இருக்கிறது. அந்த ஸ்டேஷனில் டார்ச்சைக் கையில் வைத்திருந்தவருக்கு இரண்டும் தெரிந்துதான் இருக்க வேண்டும். அங்கே வலி அதிகம். அங்கே வைத்ததை இவன் யாரிடமும் சொல்ல மாட்டான்.

வர்மக் கணக்கில் உடம்பில் 108 இடம். உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, மற்றவை தொடுவர்மம் 96. நெற்றியில் புருவத்துக்கு நடுவில் திலர்தகாலம், நெஞ்சில் நேர்வர்மம், விலாவில் அடப்பகாலம் என்று பெயர்கள் போகும். தலை, கழுத்து, நெஞ்சு, அடிவயிறு, விதை, இங்கெல்லாம்தான் அபாயமானவை அதிகம். தாத்தா சீடப்பிள்ளைகளுக்கு இடத்தைக் காட்டுவதற்கு முன்னால் இளக்குமுறையைத்தான் சொல்லிக் கொடுப்பார். இளக்கு என்றால் கட்டியதை அவிழ்ப்பது. வர்மம் கொண்டு மயங்கியவனை எப்படி உட்கார வைப்பது, எங்கே தட்டுவது, எங்கே தடவுவது, என்ன கொடுப்பது என்று எல்லாம் தெரிந்த பிறகுதான் அடி. அதற்குள் பல வருடம் ஓடிவிடும். கோபக்காரன் என்று தெரிந்தால் கடைசி வரை சொல்லாமலே விட்டுவிடுவார். அப்படிப் பாதியில் நின்றவர்கள் இரண்டு மூன்று பேரை எனக்கே தெரியும்.

காலேஜில் மின்சிகிச்சைப் பாடம் தொடங்கியபோது எனக்கு அந்தத் திண்ணை ஞாபகம் வந்தது. எங்கே வைக்க வேண்டும் என்பதை விட எங்கே வைக்கக் கூடாது என்பதைத்தான் ஆசிரியர் திரும்பத் திரும்பக் கேட்பார். கழுத்தின் முன்பக்கம் வைக்கக் கூடாது, குரல்வளை இறுகலாம், கழுத்து ரத்தக்குழாயில் இருக்கும் நரம்புமுனை தூண்டப்பட்டு ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கலாம். கண் மேல் கூடாது. இதயத்துக்குக் குறுக்கே நெஞ்சில் கூடாது. கர்ப்பிணியின் வயிற்றில் கூடாது. புண்பட்ட தோலில் கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் வேண்டவே வேண்டாம். இத்தனையும் ஒரு சின்ன பேட்டரியில் ஓடுகிற, குணமாக்குவதற்கென்றே செய்த மிஷினுக்கு. அதுவும் நோயாளி 'போதும்' என்று சொன்ன நொடியில் நிறுத்திவிட வேண்டும்.

சரி, போலீஸ் கையில் இருக்கும் கருவிக்கு என்ன விதி என்று அதன்பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

டேசர் என்ற, தூரத்திலிருந்து மின்சாரம் பாய்ச்சும் துப்பாக்கியை உருவாக்கியவர் ஜாக் கவர் என்ற அமெரிக்கர். 1970களில் செய்தார். இன்று பரவலாக இருப்பது அதன் பின்வந்த மாதிரிகள். 2003ல் வந்த எக்ஸ்-26 மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். விசையை அழுத்தினால் அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயு, கொக்கி முனை கொண்ட இரண்டு ஊசிகளைத் தள்ளும். பின்னாலேயே மெல்லிய கம்பி போகும். 50,000 வோல்ட் என்று எல்லாரும் சொல்வது காற்றைத் தாண்டிப் பாய்வதற்கான அழுத்தம், உடம்புக்குள் அவ்வளவு இறங்காது. நொடிக்கு 19 துடிப்பு, ஒரு தடவை அழுத்தினால் 5 நொடி. இரண்டு ஊசிக்கும் இடையில் இருக்கும் தசை முழுக்க இறுகி, ஆள் மரம் சாய்வது போல் சாய்வார்.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு ஊசியும் ஒரே கோட்டில் போவதில்லை. மேல் ஊசி குறி பார்த்த இடத்துக்குப் போகும், கீழ் ஊசி 8 டிகிரி சரிந்து போகும். 7 அடி தூரத்துக்கு ஒரு அடி என்று இடைவெளி விரியும். அப்படியானால் 14 அடியிலிருந்து முன்பக்கமாக நெஞ்சைக் குறி வைத்தால் கீழ் ஊசி இரண்டு அடி இறங்கி எங்கே தைக்கும் என்று உங்கள் உடம்பிலேயே சாண் வைத்து அளந்து பாருங்கள். ஒரே அடியில் இதயமும் உயிர்நிலையும். அதனால்தான் முதுகைக் குறி வைக்கச் சொல்கிறார்கள். முன்பக்கம்தான் வழி என்றால் நெஞ்சுக்குக் கீழே, ஒரு ஊசி வயிற்றிலும் இன்னொன்று தொடையிலும் தைக்கும்படி. பெரிய தசை இருக்கும் இடம், மெல்லிய உறுப்பு இல்லாத இடம். கண்ணில் தைத்துப் பார்வை போனவர்களின் கதை மருத்துவ இதழ்களில் இருக்கிறது.

நெஞ்சைத் தவிர்க்கச் சொன்னது தயாரித்த கம்பெனியே. ஆனால் 2009 அக்டோபரில்தான் சொன்னது. அதற்கு முந்தைய வருடம், வட கரோலினாவில் கடையில் வேலை பார்த்த 17 வயதுப் பையன் ஒருவன் நெஞ்சில் 37 நொடி தொடர்ந்து மின்சாரம் வாங்கி இறந்துபோனான். 5 நொடி என்பது கருவியின் கணக்கு. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் அதுவும் ஓடிக்கொண்டே இருக்கும். 2012ல் இதய மருத்துவர் டக்ளஸ் ஜைப்ஸ், மார்பில் டேசர் பட்டுச் சுயநினைவு இழந்த 8 பேரின் விவரத்தை ஆராய்ந்து, அந்த மின்துடிப்பு இதயத் துடிப்பைப் பிடித்து இழுத்து நின்றுபோகச் செய்ய முடியும் என்று எழுதினார். அவர் கம்பெனிக்கு எதிரான வழக்குகளில் சாட்சியாக இருந்தவர் என்பதைச் சுட்டிக்காட்டி எதிர்ப்பும் வந்தது. எனக்கு அந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. ஆனால் டென்ஸ் பேடை நெஞ்சுக்குக் குறுக்கே ஒட்டினால் பரீட்சையில் என்னைத் தோற்கடித்திருப்பார்கள்.

உடம்பின் இடம் மட்டும் அல்ல, யாருடைய உடம்பு என்பதும் இருக்கிறது. 2023 மே மாதம் ஆஸ்திரேலியாவின் கூமா ஊரில் முதியோர் இல்லத்தில் 95 வயது கிளேர் நோலண்ட், டிமென்ஷியா என்ற மறதிநோய் உள்ளவர், கையில் கத்தியோடு நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எடை 48 கிலோ கூட இல்லை. போலீஸ்காரர் டேசரை அழுத்தினார். மின்சாரத்தை விட விழுந்ததுதான் அவரைக் கொன்றது, தலை தரையில் அடித்து ஒரு வாரத்தில் இறந்தார். 2007ல் வான்கூவர் விமான நிலையத்தில் போலந்திலிருந்து வந்த ராபர்ட் ஜெகான்ஸ்கிக்கு ஆங்கிலம் தெரியாது. பல மணி நேரம் உள்ளேயே தவித்தவர். போலீஸ் வந்த அரை நிமிடத்துக்குள் முதல் ஷாக், மொத்தம் ஐந்து. இறந்துவிட்டார். விசாரித்த பிரைட்வுட் கமிஷன் அந்த ஷாக்குக்கு நியாயம் இல்லை என்று சொன்னது. இரண்டு மொழிக்கு நடுவில் வாழ்கிற எங்களுக்கு அவருடைய நிலைமையை யாரும் விளக்க வேண்டாம். இங்கேயும் 'கையை எடு' என்பதை ஒருவர் ஒரு மொழியில் சொல்ல, மற்றவர் இன்னொரு மொழியில் யோசித்துக்கொண்டு நிற்பது தினமும் நடக்கிறது.

இவ்வளவும் தூரத்திலிருந்து சுடுவதைப் பற்றி. பையனுக்கு நடந்தது வேறு.

டேசரிலேயே ஊசி இல்லாமல் முனையை நேராக உடம்பில் வைத்து அழுத்தவும் முடியும். டார்ச் மாதிரிக் கருவிகளில் அது ஒன்றுதான் முடியும். அப்போது இரண்டு முனைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளிதான். தசை இறுகி ஆள் செயலிழப்பதில்லை. வலி மட்டும்தான். அதாவது ஒருவனை நிறுத்துகிற வேலையை அது செய்யாது, நோகடிக்கிற வேலையை மட்டும் செய்யும். 2011ல் அமெரிக்கப் போலீஸ் நிர்வாகிகளின் ஆய்வு மன்றமும் அந்நாட்டு நீதித்துறை அமைச்சகமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியிலேயே தலை, கழுத்து, பிறப்புறுப்பு ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மொத்தம் 15 நொடிக்கு மேல் போகக் கூடாது, பணிய வைப்பதற்காகத் தொட்டு ஷாக் கொடுப்பது நல்ல வழியல்ல என்றும் இருக்கிறது. எழுதியவர்கள் போலீஸ் பக்கத்து ஆட்கள். 2023ல் ஐ.நா.வின் சித்திரவதை குறித்த சிறப்பு அறிக்கையாளர் ஆலிஸ் ஜில் எட்வர்ட்ஸ், தொட்டு ஷாக் கொடுக்கும் கருவிகளை அடியோடு தடை செய்ய வேண்டிய பட்டியலில் சேர்த்தார்.

இந்தத் தொட்டுக் கொடுக்கிற ஷாக் டேசரை விட மிகப் பழையது. மாடு விரட்டும் மின்கோல்தான் அதன் மூத்த வடிவம். அர்ஜென்டினாவில் 1930களிலேயே போலீஸ் அதைக் கைதிகள் மேல் வைத்தது. 1965ல் அலபாமாவின் செல்மா ஊரில் ஓட்டுரிமை கேட்டு வந்த கறுப்பினப் பிள்ளைகளை அதே மின்கோலால் குத்தி ரோட்டில் ஓட விட்டார்கள்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. வீரப்பனைத் தேடிய கூட்டு அதிரடிப்படை மாதேஸ்வரன் மலையில் வைத்திருந்த முகாமை, அங்கே போய் வந்தவர்கள் 'ஒர்க் ஷாப்' என்றார்கள். தமிழும் கன்னடமும் பேசும் மலையோர ஜனங்கள், ஆணும் பெண்ணும். கையால் சுற்றினால் மின்சாரம் தரும் மேக்னெட்டோவிலிருந்து வயரை எடுத்துக் காதிலும் மார்பிலும் பிறப்புறுப்பிலும் வைத்ததாக நீதிபதி சதாசிவா குழு முன்னால் சாட்சி சொன்னார்கள். 1999ல் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த குழு அது. 2007ல் ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது. அந்தச் சாட்சியங்களைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. எந்த உறுப்புகளில் மின்சாரம் வைக்கக் கூடாது என்று எனக்குப் பாடம் நடத்தினார்களோ, அதே பட்டியலைத் தலைகீழாக வைத்துக்கொண்டு யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள்.

என் மாமா ரிட்டயர்ட் ஏட்டு. அம்மாவின் தம்பி. நல்ல மனுஷர், என்னைப் படிக்க வைத்ததில் அவர் பங்கும் உண்டு. பேரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"வெட்டுக்கத்திய வச்சிட்டு ஒருத்தன் முன்னால நிக்கும்போ நீ பாத்ததுண்டா? நான் பாத்திருக்கேன். லத்தி எட்டாது. சுட்டா செத்துருவான். அப்போ இப்படி ஒரு சாமானம் கையில இருந்தா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போலாம். அது வேண்டாமுன்னு சொல்லுவியா?"

சொல்ல மாட்டேன். அவர் சொல்வது உண்மை. ஓர் உயிரைக் காப்பாற்றத் தூரத்திலிருந்து, முதுகிலோ தொடையிலோ, ஐந்து நொடி. முடிந்ததும் ஆம்புலன்ஸ். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

"ஆனா இவன் கையில ஒண்ணும் இல்ல மாமா. ரூமுக்குள்ள உக்கார வச்சாச்சு. சுத்தி நாலு பேரு. அப்புறம் எதுக்கு அது?"

மாமா கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குப் பதில் கெடையாது மக்களே. தடம் தெரியாத இடத்துல அடிக்கணுமுன்னு நாங்க சேந்த காலத்துலயே சொல்லித் தருவாவ. புத்தகத்துல இருக்காது. கூட நிக்கிறவன் சொல்லித் தருவான்."

தடம். அதுதான் எனக்கு மிச்சம் இருந்த கேள்வி. ஷாக் வைத்த இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிவந்த புள்ளி வரும். பல சமயம் சில நாளில் மறைந்துவிடும். சித்திரவதைக் காயங்களை எப்படிப் பதிவு செய்வது என்று ஐ.நா. 1999ல் கொண்டுவந்த இஸ்தான்புல் நெறிமுறையில் இதற்குத் தனிப் பகுதி உண்டு. தழும்பு 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், தீப்புண் வராமல் இருக்கத் தண்ணீரோ ஜெல்லோ தடவிவிட்டு வைப்பார்கள் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. ஜெல் தடவி வைப்பது என் தினசரி வேலை. இனி அந்த டியூபைப் பழைய மாதிரி என்னால் எடுக்க முடியாது.

அவ்வளவு சின்னத் தடம், அதுவும் துணி அவிழ்த்துப் பார்க்கக் கூச்சப்படும் இடத்தில். யார் பார்ப்பார்கள்? 1996ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, கைதானவர் கேட்டால் உடம்பில் உள்ள பெரிய காயம், சின்னக் காயம் எல்லாவற்றையும் அப்போதே எழுத வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும். இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு, கைதானவுடன் மருத்துவப் பரிசோதனை செய்து அதன் நகலைக் கைதானவருக்கே கொடுக்கச் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் இவனைக் கைது செய்யவே இல்லை. 'விசாரணை' என்று கூட்டிப்போய் மறுநாள் காலையில் விட்டுவிட்டார்கள். கைது இல்லை என்றால் பரிசோதனை இல்லை, காகிதமும் இல்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997ல் கையெழுத்து போட்டது, இன்றுவரை உறுதி செய்யவில்லை. 2010ல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையைத் தாண்டவில்லை.

கைதாகி வருகிறவர்களுக்கும் நடப்பது என்னவென்று அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறேன். போலீஸ்காரர் ஓர் அடி தள்ளி நிற்பார். டாக்டர் பேனாவைப் பிடித்தபடி "அடி ஏதாவது பட்டிருக்கா?" என்பார். அவன் போலீஸ்காரர் முகத்தைப் பார்ப்பான். "இல்ல சார்." இல்லை என்று எழுதிவிடுவார்கள். நெரிசலில், ராத்திரி டியூட்டியில், இதுவே வழக்கமாகிவிட்டது. திரையை இழுத்துவிட்டுப் போலீஸை வெளியே நிற்கச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். 'கீழே எதுவும் செய்தார்களா' என்று பேரைச் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுவாகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆணுக்கு ஆண் டாக்டர், பெண்ணுக்குப் பெண் டாக்டர் கேட்டால் இன்னும் நல்லது. எங்கள் டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கொஞ்சம் வெட்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த வாரத்திலிருந்து திரை இழுபடுகிறது.

பையன் புகார் கொடுக்கவில்லை. கொடு என்று நான் இரண்டு தடவை சொன்னேன், மூன்றாம் தடவை சொல்லவில்லை. தோளை மிஷின் இல்லாமல் கையாலேயே சரி செய்தேன், தாத்தா சொல்லித் தந்த மாதிரி, எண்ணெய் போட்டு, பைய. ஏழு வாரம் ஆனது. கை தலைக்கு மேல் போகிறது இப்போது.

மிஷினை ஒட்டுவதற்கு முன்னால் எல்லாரிடமும் நான் ஒரு கேள்வி கேட்கிறேன்: "இதுக்கு முன்னால எப்பவாவது கரண்டு அடிச்சிருக்கா?" வயரிங் வேலைக்காரர்கள் சிரித்துக்கொண்டே கணக்குச் சொல்வார்கள். வீட்டம்மாக்கள் கிரைண்டர் கதை சொல்வார்கள். சிலர் உடனே பதில் சொல்வதில்லை. அப்போது பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.